செஃபாலுவில் ஆறு இரவு, ஐந்து பேர், தங்குவதற்கு 600 யூரோ: எந்த அறையை எடுப்பது?

வடலி (லண்டன்):

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக இரவிரவாக அறைகளைத் தேடிக் களைத்துவிட்டேன், அதனால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிற செஃபாலுவுக்குப் போக ஆசை. நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, பிள்ளைகள் இருவர் (11, 7), அம்மா. அம்மாவுக்கு 73 வயது, இடது முழங்கால் ஏலாது, படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். பள்ளி விடுமுறையை விட்டால் எங்களுக்கு வேறு நாளில்லை. ஆகவே ஒன்றில் மே கடைசி வாரம், இல்லாவிட்டால் அக்டோபர் கடைசி வாரம்.

தங்குமிடத்துக்கு மட்டும் 600 யூரோ ஒதுக்கியிருக்கிறேன். இதுவரை மூன்று தேறியிருக்கிறது.

ஒன்று, பழைய ஊருக்குள்ளே பேராலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. இரண்டு படுக்கையறை, அடுப்படி, சின்ன பால்கனி, ஆறு இரவுக்கு 540. மூன்றாம் மாடி. இரண்டாவது, ரயில் நிலையத்துக்கும் கடற்கரைக்கும் இடையில் ஒரு இரண்டு நட்சத்திர ஹோட்டல், இரண்டு அறை, காலைச் சாப்பாட்டோடு 690. மூன்றாவது, செஃபாலுவில் தங்காமல் பலெர்மோ மத்திய நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு, 410. அங்கிருந்து தினமும் ரயிலில் கடலுக்குப் போய்வருவது.

மனைவிக்கு முதலாவது பிடித்திருக்கிறது, எனக்கு மூன்றாவது. அம்மாவிடம் கேட்டால் "உங்களுக்கு எது வசதியோ அதைப் பாருங்கோ" என்கிறா. அவ எப்பவும் அப்படித்தான் சொல்லுவா, அதனால்தான் நான் யோசிக்க வேண்டியிருக்கிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.


கொங்கன் (மியூனிக்):

வணக்கம் வடலி. நான் போன செப்டம்பரில் மனைவியோடு பத்து நாள் சிசிலி போய்வந்தேன். என் ஓட்டு பலெர்மோவுக்குத்தான். செஃபாலு அழகான ஊர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சின்ன ஊர். பேராலயம் ஒரு மணி நேரம், மேலே இருக்கிற லா ரொக்கா பாறைக்கு ஏறி இறங்க அரை நாள், மீதி கடல். பலெர்மோவில் என்றால் மழை பெய்தாலும் பார்க்க நிறைய இருக்கு, பல்லாரோ சந்தையில் கைச்செலவிலேயே மூணு வேளையும் சாப்பிட்டுடலாம். ரயில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று மாதிரி இருக்கு, ஐம்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுடும். 410க்கும் 690க்கும் உள்ள வித்தியாசத்தில் ஐந்து பேருக்கும் நல்ல சாப்பாடு ஆச்சு.


மல்லிகைப்பந்தல் (பாரிஸ்):

கொங்கன் சொல்வது இரண்டு பேருக்குச் சரி. ஐந்து பேருக்குக் கணக்குப் பார்த்தீர்களா? நான் இரண்டு பிள்ளைகளோடு போய்வந்தவள், அதனால் சொல்கிறேன்.

பலெர்மோவிலிருந்து செஃபாலுவுக்கு வட்டார ரயிலில் ஒருவழிக்கு ஏறக்குறைய ஆறரை யூரோ. பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இருவருக்கும் அரைச்சீட்டு, ஆக நாலு முழுச்சீட்டு. ஒருவழிக்கு 26, போய்வர 52. ஆறு இரவு தங்கினால் ஐந்து நாள் கடலுக்குப் போவீர்கள், அது 260. இப்போது 410ஓடு 260ஐக் கூட்டுங்கள் தம்பி. 670. ஹோட்டல் 690. இருபது யூரோவை மிச்சம்பிடிக்க அம்மாவைத் தினமும் இரண்டு மணித்தியாலம் ரயிலில் ஏற்றி இறக்கப் போகிறீர்களா? அந்த 690இல் காலைச் சாப்பாடும் இருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் மத்தியானம். கடலோர ஊரில் அறை எடுப்பதே மத்தியானத்துக்காகத்தான். ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை அங்கே பாதிக் கடைகள் பூட்டு. பிள்ளைகள் உப்புத் தண்ணீரில் ஊறி, மணல் ஒட்டி, பசியோடு வருவார்கள். குளித்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்தெழும்பினால் பின்னேரம் மறுபடி கடலுக்குப் போகலாம். பலெர்மோவில் அறையை வைத்துக்கொண்டு போனால் அந்த மூன்று மணி நேரமும் ஒரு கதிரைக்காக எங்கேயாவது காசு கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். முழங்கால் ஏலாத ஒருவருக்கு மத்தியானம் கால் நீட்டிப் படுக்க ஒரு கட்டில் வேண்டும். நான் இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், முதல் தடவை நாங்கள் என் மாமியை அப்படித்தான் அலைக்கழித்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாம் நாள் கால் வீங்கியிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.


பனைமுனை (பலெர்மோ):

வணக்கம் பிள்ளையள். நான் 90களின் கடைசியிலிருந்து இங்கே இருக்கிறேன், கேள்வி இந்தப் பக்கத்தது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மாதம். மே கடைசியில் வெயில் நன்றாக அடிக்கும், மழை குறைவு, ஆனால் கடல் இன்னும் சூடாகவில்லை, 19, 20 பாகைதான். அக்டோபர் கடைசியில் காற்று குளிர்ந்துவிடும், கடலோ கோடைச் சூட்டைத் தேக்கி வைத்திருப்பதால் 22ஐ ஒட்டி இருக்கும். பிள்ளைகள் தண்ணீரை விட்டு வெளியே வரமாட்டார்கள் என்றால் அக்டோபர். மழையே கூடாது என்றால் மே. அக்டோபரும் நவம்பரும் இங்கே மழை மாதங்கள், வந்தால் ஊற்றும். அறை விலை அக்டோபர் கடைசியில் நன்றாக இறங்கிவிடும், ஏனென்றால் பல ஹோட்டல்கள் நவம்பரில் பூட்டப் போகிற நேரம், வருகிறவர்களை விட மனமிருக்காது. நான் என்றால் அக்டோபர்.

அடுத்தது அந்த மூன்றாம் மாடி. படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இங்கத்தைய பழைய வீடுகளில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவில் குட்டையாக ஒரு தளம் இருக்கும், அதைப் பலர் மாடிக்கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் மூன்று என்றால் நீங்கள் நாலு ஏற வேண்டி வரலாம். செஃபாலுப் பழைய ஊரில் மின்தூக்கி வைத்த வீடு அபூர்வம். விளம்பரத்தில் "அஷென்சோரே" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் மின்தூக்கி. இல்லையென்றால் இல்லை. "பியானோ தெர்ரா" என்றால் தரைத்தளம், உங்களுக்கு வேண்டியது அதுதான்.

வீட்டின் தெருப் பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள் தம்பி. வருகிற சனி எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.


வடலி (லண்டன்):

பனைமுனை அண்ணா, எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தெருவையும் ஹோட்டல் இடத்தையும் அனுப்பிவிட்டேன். மல்லிகை அக்கா, உங்கள் கணக்கை மனைவியிடம் காட்டினேன், பலெர்மோ வீட்டை அந்த நிமிடமே கைவிட்டாச்சு. ரயில்காசை நான் ஒருவருக்கு மட்டும் மனதில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வீடா ஹோட்டலா என்பதுதான் கேள்வி. வீட்டில் அடுப்படி இருக்கிறது, ஒரு நேரமாவது சோறு வைக்கலாம். வீட்டுக்காரரிடம் படி எத்தனை என்று கேட்டதற்கு "கொஞ்சப் படிகள்தான், எல்லோரும் ஏறுகிறார்கள்" என்று பதில் போட்டார்.


கொங்கன் (மியூனிக்):

மல்லிகை அக்கா கணக்கு சரி. ஐந்து பேருக்கு நான் சொன்னது பொருந்தாது, ஒத்துக்கிறேன்.

வீடு எடுப்பதாக இருந்தால் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர், எந்த வீடு என்பது வேண்டாம். படத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. குளியலறையில் சுவரில் மாட்டிய சின்ன வெந்நீர்த் தொட்டி, ஒரு குடம் இரண்டு குடம் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி குளித்துவிட்டு வந்தபின் நான் போய் நின்றேன், நாலு நிமிடத்தில் பச்சைத் தண்ணீர். மறுபடி சூடேற முக்கால் மணி நேரம். இரண்டு பேருக்கே இப்படி. கடலில் இருந்து வந்த ஐந்து பேர் வரிசையில் நின்றால் என்ன ஆகும்? அதனால் வெந்நீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று எழுத்தில் கேளுங்கள். 80க்குக் கீழே என்றால் ஐந்து பேருக்குப் பத்தாது.

தண்ணீர்த் தொட்டியையும் கேளுங்கள். 2024இல் சிசிலியில் கடும் வறட்சி, பல ஊர்களில் குழாய்த் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். மாடியில் சொந்தத் தொட்டி இருக்கிற இடம் என்றால் கவலை இல்லை.

இன்னொன்று. இத்தாலியில் 2025 ஜனவரியிலிருந்து வாடகை வீடு, அறை எல்லாவற்றுக்கும் ஒரு தேசிய அடையாள எண் கட்டாயம். சுருக்கமாக "சின்" என்கிறார்கள். IT என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். விளம்பரத்திலும் இருக்கணும், வாசலிலும் இருக்கணும். அந்த எண் இல்லாத இடத்துக்கு ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள். முன்பதிவுத் தளத்துக்கு வெளியே வங்கிக்கு நேராகப் பணம் போடு, பத்து சதவீதம் குறைக்கிறேன் என்று யாராவது எழுதினால் அத்தோடு பேச்சை நிறுத்திடுங்க.


நெய்தல் (சென்னை):

சார், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் அப்பா அம்மாவோடு ஆகஸ்டில் இதே ஊருக்குப் போகலாமா என்று பார்க்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட். விசாவுக்கு ஹோட்டல் பதிவைக் காட்டணும் என்கிறார்கள், ஆனால் விசா வராமல் போனால் ஹோட்டல் பணம் போயிடுமே, இதை எப்படிச் செய்கிறீர்கள்?


மல்லிகைப்பந்தல் (பாரிஸ்):

நெய்தல், இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய அறையைப் பதிவு செய்து அந்தத் தாளைக் கொடுங்கள். கொஞ்சம் விலை கூட இருக்கும், பரவாயில்லை. ரத்துச் செய்யக் கடைசி நாள் எது என்று பார்த்து, விசா முடிவு அதற்கு முன்னால் வரும்படி விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் போகக்கூடாது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 2024 ஜூனில் கூட்டினார்கள். ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். விசா கிடைத்தபின் அதே ஹோட்டலில் மலிவான விலைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஆகஸ்ட் வேண்டாம். ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை, நாடே கடலுக்கு வந்துவிடும். 2ஆம் தேதியிலிருந்து 6ஆம் தேதி வரை செஃபாலுவின் சொந்தத் திருவிழாவும் இருக்கிறது. கடலுக்கு மேலே கொழுப்புப் பூசிய மரத்தைக் கிடையாக நீட்டி, இளைஞர்கள் அதில் நடந்துபோய்க் கொடியைப் பறிப்பார்கள், பார்க்க அருமை. ஆனால் குறைந்த காசுக்கு அறை தேடுகிறவர்களுக்கு அந்த வாரம் இல்லை. செப்டம்பர் பாதிக்குப் பிறகு வாருங்கள். கடல் அப்போதும் ஆகஸ்டைப் போலத்தான் சூடாக இருக்கும்.


வடலி (லண்டன்):

நெய்தல் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. எங்கள் நால்வருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அம்மா இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறா, இங்கே நிரந்தர வதிவிடம் இருந்தும் அவவுக்கு ஷெங்கன் விசா வேண்டும். எனக்கு இது தெரியும், ஆனால் அறைக் கணக்கோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. அந்த 540 வீடு பணம் திருப்பித் தராத பதிவு! நேற்று இரவு கைவிரல் பொத்தான் வரைக்கும் போய்த் திரும்பினது.


மல்லிகைப்பந்தல் (பாரிஸ்):

கடவுளே. அம்மாவின் விசாவுக்கு முதலில் நாள் எடுங்கள் தம்பி, லண்டனில் பள்ளி விடுமுறைக்கு முன்னால் நாள் கிடைப்பது கஷ்டம். மற்றது, உங்கள் பாஸ்போர்ட்களையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். உள்ளே நுழைகிற நாளில், பாஸ்போர்ட் வழங்கப்பட்டுப் பத்து வருடம் தாண்டியிருக்கக்கூடாது, திரும்புகிற நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் முடிவதால் அதில்தான் எல்லோரும் மாட்டுவது.


பனைமுனை (பலெர்மோ):

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். எழுதிக்கொண்டு வந்ததை அப்படியே போடுகிறேன்.

வீடு: தெருக்கதவு திறந்தே இருந்தது, உள்ளே போய் மேலே வரை ஏறினேன். 67 படி. நான் சொன்ன அந்த நடுத்தளம் இருக்கிறது. கல்படிகள், நூறு வருடத்துக்கு மேலே கால் பட்டுப் பட்டு ஒவ்வொரு படியும் நடுவில் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கிறது, ஓரத்தில் கால் வைத்தால் வழுக்குகிறது. இரண்டாம் மாடி வரைக்கும் ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி, அதற்கு மேலே கைப்பிடியே இல்லை. வெளிச்சத்துக்குப் பொத்தானை அமர்த்தினால் ஒரு நிமிடத்தில் தானாக அணைகிறது. நான் 58 வயதுக்காரன், இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போகவேண்டாம். அவ ஒருநாள் இறங்குவா, இரண்டாம் நாள் "நான் இங்கேயே இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்று சொல்லுவா. எனக்கும் அம்மா இருந்தவ.

ஹோட்டல்: நிலையத்திலிருந்து என் நடைக்கு ஆறு நிமிடம், பாதை சமதரை. அங்கேயிருந்து மணல் ஐந்து நிமிடம். முன்மேசையில் இருந்த பெண் நல்ல மாதிரி, அறைகளைத் திறந்து காட்டினார். விளம்பரத்தில் போட்டிருப்பது இரண்டாம் மாடியில் பால்கனி வைத்த அறைகள். பின்பக்கம் தரைத்தளத்தில் மூன்று அறை இருக்கிறது, அதை அவர்கள் இணையத்தளத்தில் படமாகப் போடுவதே இல்லை, ஏனென்றால் கடல் தெரியாது. யன்னலைத் திறந்தால் ஒரு முற்றம், ஒரு எலுமிச்சை மரம், துணி காயப்போடக் கயிறு. பக்கத்துப் பக்கத்து அறைகள், நடுவில் கதவு இல்லை. படுக்கையில் உட்கார்ந்து பார்த்தேன், உயரம் சரி, முழங்கால் மடித்து எழும்பக் கஷ்டம் இராது. குளியலறையில் தொட்டி இல்லை, தரையோடு தரையாக நின்று குளிக்கிற இடம். ரயில் சத்தம் கேட்கும், இரவில் ரயில்கள் குறைவு.

விலை கேட்டேன். அந்த இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரு இரவுக்கு 105, காலைச் சாப்பாட்டோடு. இணையத்தளத்தில் 115. நேரில் அழைத்துப் பதிந்தால் இந்த விலை, வருவதற்கு ஏழு நாள் முன்பு வரை ரத்துச் செய்யலாம், மின்னஞ்சலில் உறுதி தருவார்கள், அது விசாவுக்கும் உதவும். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, லண்டனிலிருந்து ஒரு குடும்பம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நகராட்சித் தங்கல்வரி தனி. ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று சில யூரோ, சின்னப் பிள்ளைகளுக்கு விலக்கு இருக்கும், எந்த வயது வரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடத்தில் அதைக் கைக்காசாகத்தான் வாங்குவார்கள், சில்லறை வைத்திருங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பதிவார்கள், பயப்படவேண்டாம், தங்குகிறவர்களின் விபரத்தை 24 மணி நேரத்துக்குள் பொலிசுக்குக் கொடுக்கவேண்டும் என்பது இங்கத்தைய சட்டம்.


வடலி (லண்டன்):

அண்ணா, இதை வாசித்துவிட்டு மனைவியும் நானும் கொஞ்ச நேரம் கதைக்கவே இல்லை. 67 படியும் நீங்கள் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறீர்கள். நாளைக்கே ஹோட்டலுக்கு அழைக்கிறேன்.

ஒரு சிக்கல். அக்டோபர் கடைசி வாரம் என்று முடிவெடுத்தோம், ஆனால் விமானம் சனி இரவு ஒன்பது மணிக்குத்தான் பலெர்மோவில் இறங்குகிறது. அன்றிரவே செஃபாலுவுக்குப் போய்விட முடியுமா? தனிக்காருக்கு விலை கேட்டால் நூறு யூரோவுக்கு மேலே சொல்கிறார்கள்.


பனைமுனை (பலெர்மோ):

முடியாது, முயலவும் வேண்டாம். விமான நிலையம் பலெர்மோவுக்கு மேற்கே 35 கிலோமீட்டர், செஃபாலு நகரத்துக்குக் கிழக்கே. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரருக்கு 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகை, முகப்படம் எல்லாம் எடுக்கிறார்கள், 12 வயதுக்குக் கீழே கைரேகை இல்லை, ஆனாலும் வரிசை வரிசைதான். வெளியே வரப் பத்தரை ஆகலாம். பஸ்ஸைப் பிடித்து மத்திய நிலையத்துக்கு வர ஐம்பது நிமிடம், கடைசி ரயில் போய்விட்டிருக்கும்.

முதல் இரவு பலெர்மோவில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படுங்கள். அடுத்த நாள் ஞாயிறு. அம்மாவை இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. பெல்லெக்ரீனோ மலையில் குகைக்குள்ளே கோயில். 1624இல் பிளேக் வந்தபோது அவவின் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுபோய்த்தான் நோய் நின்றது என்று இந்த ஊர் நம்புகிறது. குகைக் கூரையிலிருந்து எந்நேரமும் நீர் சொட்டும், அதைத் தகரப் பீலி வைத்து ஒரு பக்கமாக வடித்திருக்கிறார்கள். ஞாயிறு காலையில் போனால் எங்கள் சனம் நிறைய நிற்கும், சைவக்காரரும் வேதக்காரரும் ஒன்றாக. பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளைக்கு மொட்டை நேர்ந்தவர்களும் வருவார்கள். நகரத்தில் பொலித்தியாமா அரங்குப் பக்கத்திலிருந்து 812ஆம் இலக்கப் பஸ் மேலே போகிறது, ஞாயிறு குறைவாகத்தான் ஓடும், முதல் நாளே நேரம் பாருங்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து கோயிலுக்குக் கொஞ்சம் படி இருக்கிறது, அகலமான படி. என்னிடம் கார் இருக்கிறது. அந்த ஞாயிறு நான் வந்து அம்மாவை மேலே வரை கொண்டுபோய் விடுகிறேன்.

அன்று அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அக்டோபர் கடைசி ஞாயிறு. ஒரு மணி நேரம் கூடப் படுக்கலாம்.


மல்லிகைப்பந்தல் (பாரிஸ்):

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. ஹோட்டல் என்றால் அடுப்படி இல்லை, அதையும் காசாகப் பார்க்கவேண்டும். இத்தாலிக் காலைச் சாப்பாடு கோப்பியும் இனிப்புப் பணிஸும்தான், முட்டை எல்லாம் எதிர்பார்க்கவேண்டாம். அம்மா வெள்ளிக்கிழமையில் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாதவர் என்றால் கவனம்: அரஞ்சினா என்கிற சோற்றுருண்டையில் வெண்ணெய் வகை என்று சொல்வதிலும் பன்றியிறைச்சி இருக்கும், ஸ்பின்சோனே என்கிற தடித்த ரொட்டியில் நெத்தலி மாதிரி மீன் வைத்திருப்பார்கள். பயமில்லாமல் சாப்பிடக்கூடியது பனெல்லே. கடலை மாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆறவிட்டுத் துண்டாக வெட்டிப் பொரிப்பது, ரொட்டிக்குள்ளே வைத்துத் தருவார்கள், ஒன்று சாப்பிட்டால் மத்தியானம் வரை பசிக்காது. கத்தரிக்காய் போட்ட நோர்மா பாஸ்தாவும் நல்லது. உணவகத்தில் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒன்றரை, இரண்டு யூரோ "கொப்பெர்தோ" என்கிற இருக்கைக் கட்டணம் பில்லில் சேரும், ஐந்து பேருக்கு அது ஒரு நேரத்துக்குப் பத்து யூரோ வரை. அதனால் மத்தியானம் வாங்கிக்கொண்டு அறைக்கு வாருங்கள், இரவுக்கு மட்டும் உட்காருங்கள்.

கடற்கரையில் கதிரை வாடகைக்கு எடுக்கவேண்டியதில்லை. "ஸ்பியாஜ்ஜா லீபெரா" என்றால் இலவசப் பகுதி, பழைய ஊர்ப்பக்க முனையில் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் வாடகைக் குடைகளைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள், முழு மணலும் உங்களுக்குத்தான்.


வடலி (லண்டன்):

முடிவாகச் செய்தது இது. சனி இரவு பலெர்மோவில் ஒரு பெரிய அறை, 95. ஞாயிறு பின்னேரத்திலிருந்து ஐந்து இரவு செஃபாலுவில் அந்தத் தரைத்தள அறைகள், 525. மொத்தம் 620, அதற்கு மேலே தங்கல்வரி. ஒதுக்கியதைவிட இருபது கூட, காலைச் சாப்பாடு உள்ளே என்பதால் எனக்குக் குறையில்லை. ஹோட்டலிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது, அம்மாவின் விசாவுக்கும் நாள் எடுத்தாயிற்று.


வடலி (லண்டன்):

போய்வந்துவிட்டோம். விசா மூன்றாம் வாரத்தில் வந்தது. மூன்று நாள் நல்ல வெயில், ஒரு நாள் விடாமல் மழை, ஒரு நாள் அரையும் குறையும். மழை பெய்த நாளில் லா ரொக்காவைப் பூட்டிவிட்டார்கள், அடுத்த நாள் மனைவியும் மூத்தவளும் ஏறினார்கள், நான் சின்னவனோடு கடலில் நின்றேன். பேராலயத்தில் கூரை வளைவு முழுவதும் பொன் நிறத்தில் கிறிஸ்து. அந்தக் கையில் விரித்த புத்தகத்தில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் இலத்தீன் என்று மூத்தவள் கண்டுபிடித்துச் சொன்னாள். அந்த உருவம் 1148இல் செய்தது.

அம்மாவைப் பற்றி அண்ணாவுக்குச் சொல்லவேண்டும். மலைக்கோயிலில் அந்தச் சொட்டுத் தண்ணீரைக் கையில் ஏந்தி முழங்காலில் தடவினா. செஃபாலுவில் பழைய ஊர்த்தெருவில் நடுக்காலத்துச் சலவைத்துறை ஒன்று இருக்கிறது, சிங்கத்தலைகளின் வாயிலிருந்து ஆற்றுத் தண்ணீர் கல்தொட்டிகளில் விழுகிறது. அங்கேயும் இறங்கப் படி, அது வளைந்து போகிறது. வேண்டாம் என்றோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கி, தொட்டி விளிம்பில் இருந்துகொண்டு, துணி தோய்க்கிற சாய்வுக்கல்லைத் தடவிப் பார்த்து, எங்கள் ஊர்க் கிணற்றடிக் கல்லும் இப்படித்தான் சரிந்திருக்கும் என்றா. அரை மணி நேரம் எழும்பவில்லை. மத்தியானம் தினமும் இரண்டு மணி நேரம் படுத்தா. கால் வீங்கவில்லை.

தங்கல்வரியைக் கைக்காசாகத்தான் வாங்கினார்கள். வெந்நீர் ஐந்து பேருக்கும் வந்தது.


நெய்தல் (சென்னை):

ரொம்ப சந்தோஷம் சார். எனக்கும் செப்டம்பர் என்று முடிவாகிவிட்டது, அப்பாவுக்கும் மூட்டுவலி. அந்த ஹோட்டல் பெயரைத் தனிமடலில் அனுப்ப முடியுமா? அப்புறம் ஒரே ஒரு கேள்வி, காலைச் சாப்பாடு தரும் இடமும் தரைத்தளம்தானா, படி ஏதாவது இருக்கா?


வடலி (லண்டன்):

அனுப்பிவிட்டேன். மூன்று படி. இடப்பக்கம் கைப்பிடி இருக்கிறது.